ஒரே பாத்திரக் கோழி பிரியாணி: எது பிசகினால் என்ன செய்வது

குளிர்நாள் ராத்திரியில் குழம்பு தனி, சோறு தனி, வறுவல் தனி என்று அடுப்படியில் நிற்க யாருக்கும் மனசு வராது. சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவப் போனால் குழாய்த் தண்ணீர் விரலைக் கடிக்கும். அதனால் கார்த்திகை தொடங்கித் தை வரை பல வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஒரே பாத்திரச் சமையல்தான். மார்கழியில் கறி எடுக்காத வீடுகள் காணும் பொங்கலன்று சேர்த்துவைத்துப் பிடித்துவிடும். தேக்சாவிலோ குக்கரிலோ கோழியையும் சீரகச் சம்பாவையும் ஒன்றாகப் போட்டு இறக்கினால், கூப்பிடாமலே எல்லோரும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். சரியாக வந்திருந்தால்.

சரியாக வராதபோது பழி மசாலா மேல் விழுகிறது. எந்தக் கம்பெனி மசாலா, எத்தனை கிராம்பு என்று விசாரணை நடக்கும். ஆனால் ஒரே பாத்திரத்தில் கெட்டுப்போகிற பிரியாணியில் முக்கால்வாசி, தண்ணீர்க் கணக்கிலும் தீயிலும்தான் கெடுகிறது. கோழி வேக ஒரு நேரம், அரிசி வேக ஒரு நேரம். இரண்டையும் ஒரே மூடிக்குள் முடிக்கப் பார்க்கிறோம். குளிர் அந்தக் கணக்கை இன்னும் கொஞ்சம் கலைத்துவிடும். கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் பாத்திரத்தில் இப்போது என்ன தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேரே போய்விடுங்கள்.

நான் மனசில் வைத்திருக்கும் அளவு: சீரகச் சம்பா அரை கிலோ, எலும்போடு பிராய்லர் கோழி முக்கால் கிலோ, பெரிய வெங்காயம் மூன்று, தக்காளி இரண்டு, தயிர் அரை கப், இஞ்சி பூண்டு விழுது மூன்று மேசைக்கரண்டி. அரிசியை 20 நிமிடம் ஊறவைத்து வடித்தது. ஐந்து பேருக்குத் தாராளம்.

சோறு குழைந்துவிட்டது

முதலில் கரண்டியைக் கீழே வையுங்கள். குழைந்த சோற்றைக் கிளறக் கிளறப் பருக்கை உடைந்து இன்னும் பசையாகும். மூடியை முழுக்கத் திறந்து, தீ இல்லாமல் பத்து நிமிடம் ஆவி போக விடுங்கள். அப்புறம் அகலமான தாம்பாளத்தில் ஓரத்திலிருந்து மெல்லச் சரித்துப் பரப்பி, மின்விசிறிக் காற்றில் ஐந்து நிமிடம் வைத்தால் மேலீரம் போய்ப் பருக்கை கொஞ்சம் விறைக்கும். பாதிக்குப் பாதியாவது மீளும். அதற்கும் மேல் போய்விட்டதென்றால் பிரியாணி என்ற பெயரை விட்டுவிடுங்கள். இரண்டு டம்ளர் வெந்நீர், தட்டிய மிளகு, கொத்தமல்லி சேர்த்துக் கறிக் கஞ்சியாக்கிக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தால், அந்தக் குளிருக்கு யாரும் புகார் சொல்ல மாட்டார்கள்.

காரணம் பெரும்பாலும் இது: நீங்கள் ஊற்றிய தண்ணீரைக் கணக்கு வைத்தீர்கள், கோழி விட்ட தண்ணீரைக் கணக்கில் சேர்க்கவில்லை. முக்கால் கிலோ பிராய்லர், தக்காளி, தயிர் மூன்றும் சேர்ந்தால் மசாலாவில் வதங்கும்போதே ஒரு டம்ளர் வரை சாறு இறங்கும். கோழியைக் கழுவிவிட்டு வடியவிடாமல் அப்படியே அள்ளிப் போட்டிருந்தால் இன்னும் கூடும். எனவே குறிப்பில் "ஒன்றுக்கு இரண்டு" என்று இருந்தால் அந்த இரண்டுக்குள் இந்தச் சாறும் அடக்கம்.

அளப்பது எளிது. கோழி மசாலாவில் ஏழெட்டு நிமிடம் வெந்ததும் பாத்திரத்தை ஒரு பக்கம் சாய்த்து, சேர்ந்த சாற்றைக் கரண்டியால் அள்ளி, அரிசி அளந்த அதே டம்ளரில் ஊற்றிப் பாருங்கள். மிச்சத்துக்கு மட்டும் கொதிநீர் சேருங்கள். ஊறிய சீரகச் சம்பாவுக்குத் திறந்த பாத்திரத்தில் ஒரு டம்ளருக்கு மொத்தம் ஒன்றே முக்கால். குக்கரில் ஒன்றரை போதும். ஏனென்றால் மூடிய குக்கரிலிருந்து ஆவியாகப் போவது மிகக் குறைவு. தேக்சாவுக்கு எழுதிய குறிப்பை அப்படியே குக்கரில் செய்து குழைய விடுவதுதான் நடக்கிற கதை. பழைய அரிசி கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும், தை அறுவடையில் வந்த புது அரிசி குறைவாகத்தான் குடிக்கும். புது மூட்டை பிரித்த அன்று கால் டம்ளர் குறைத்து வையுங்கள். குறைந்தால் தெளித்துக்கொள்ளலாம், கூடினால் எடுக்க முடியாது.

அடியில் வெந்திருக்கிறது, மேலே நறுக்கென்று நிற்கிறது

குளிர்காலத்துக்கே உரிய கோளாறு இது. அடுப்பு கீழே சூடு கொடுக்கிறது, மேலே மூடி குளிர்ந்த காற்றில் சூட்டை இழந்துகொண்டே இருக்கிறது. தம் என்பது மூடிக்குள் நிற்கும் ஆவி. மூடி சில்லென்று இருந்தால் ஆவி அங்கேயே நீராகி ஓரமாக வழிந்து அடிக்குப் போய்விடும். மேல் அடுக்கு காய்ந்து நிற்கும்.

இப்போதைக்கு: கொதிநீர் கால் டம்ளர் எடுத்து, கையால் தெளிப்பதுபோல மேற்பரப்பு முழுக்கத் தெளியுங்கள். பச்சைத் தண்ணீர் வேண்டாம். வேகிற சூட்டைக் கீழே இறக்கிவிடும். சுத்தமான ஈரத்துணியைப் பிழிந்து மூடிக்கு அடியில் கட்டி, மூடி மேல் கொதிநீர் நிரம்பிய பாத்திரம் ஒன்றை வைத்துச் சிறுதீயில் பத்து நிமிடம். துணி முனை தொங்கித் தீயில் படாமல் மேலே மடித்துக்கொள்ளுங்கள். விறகடுப்பில் சமைப்பவர்கள் மூடி மேல் தணலைப் போடுவது இதற்குத்தான். கேஸ் அடுப்பில் அந்த வேலையை வெந்நீர்ப் பாத்திரம் செய்யும்.

தம்முக்குப் போகிற நேரத்தைத் தப்பாகப் பிடித்தாலும் இப்படி ஆகும். அரிசி போட்டுக் கொதி வந்தபின், தண்ணீர் மட்டம் அரிசி மட்டத்துக்கு இறங்கி, மேற்பரப்பில் சின்னச் சின்னக் குழிகள் விழ ஆரம்பிக்கும். அந்தக் குழிகளில் எண்ணெய் மினுமினுக்கக் கொப்புளம் வெடிக்கும். அப்போது ஒரு பருக்கையை எடுத்து விரலிடையில் நசுக்கினால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். நடுவில் மட்டும் ஊசிமுனை அளவு வெள்ளை தெரிய வேண்டும். மூட வேண்டிய நேரம் அதுதான். முழு வெள்ளையாக இருந்தால் இன்னும் இரண்டு நிமிடம் கொதிக்கட்டும். காதும் உதவும்: தண்ணீர் இருக்கும்வரை சளசளவென்று கேட்கும், அது தீர்ந்ததும் எண்ணெய் பொரிகிற மெல்லிய சத்தம் வரும். பொரியும் சத்தம் கேட்டபிறகும் தீயைக் குறைக்காவிட்டால் அடுத்த கோளாறுக்கு நீங்களே வழி வைக்கிறீர்கள்.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 92, 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். கொதிப்பது கண்ணுக்குத் தெரியும், ஆனால் சூடு பத்தாது. சமவெளியில் பத்து நிமிடத்தில் வேகும் அரிசி அங்கே இழுத்துக்கொண்டே போகும், அதற்குள் தண்ணீரும் வற்றிவிடும். தீயைக் கூட்டினாலும் அந்தச் சூடு ஏறாது, தண்ணீர் வேகமாக வற்றுவதுதான் மிச்சம். அரிசியை 40 நிமிடம் ஊறவைத்து, தண்ணீரைக் கொஞ்சம் கூட்டி, தம்மையும் நீட்டுங்கள். இல்லையென்றால் குக்கர்தான் கதி.

அடிபிடித்துவிட்டது

வாசனை வந்த நொடியே அடுப்பை அணையுங்கள். கிளறக் கூடாது, அடியைச் சுரண்டக் கூடாது. பாத்திரத்தை ஈரத்துணி மேல் இரண்டு நிமிடம் வைத்துவிட்டு, மேலிருக்கும் முக்கால் பங்கை அகலக் கரண்டியால் அள்ளி வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். கரண்டி அடியைத் தொட்டுவிட்டால் கருகல் வாசனை முழுப் பாத்திரத்துக்கும் ஏறிவிடும். மாற்றிய சோற்றில் லேசாக வாசனை இருந்தால் புதினா கொஞ்சம், நெய் ஒரு கரண்டி, ஐந்து நிமிடம் மூடி வைத்தால் அடங்கும். பலமாக இருந்தால் எதைப் போட்டாலும் போகாது. ரொட்டித் துண்டு வைப்பது, பால் தெளிப்பது எல்லாம் மனத் திருப்திக்குத்தான்.

அடிபிடிப்பதற்குப் பெரும்பாலும் பாத்திரமே காரணம். அடி மெலிந்த எவர்சில்வர் பாத்திரத்தில் தீ படும் இடம் மட்டும் காயும். அடிகனமான அலுமினியமோ வார்ப்பிரும்போ வேண்டும். இல்லாவிட்டால் தம் போடும்போது அடியில் தோசைக்கல்லைச் சூடாக்கி வைத்து அதன்மேல் பாத்திரத்தை ஏற்றுங்கள். குளிரில் கல் சூடேற நேரமெடுக்கும் என்பதால் அரிசி கொதிக்கும்போதே பக்கத்து அடுப்பில் கல்லைப் போட்டுவிடுவது நல்லது. இன்னொன்று: அரிசி போடுவதற்குமுன் தண்ணீர் ஊற்றியதும் மரக்கரண்டியால் அடியை ஒருமுறை நன்றாகத் தேய்த்து விடுங்கள். வெங்காயமும் மசாலாவும் ஒட்டிய இடத்தில்தான் முதல் கருகல் ஆரம்பிக்கும். மின்சார பிரஷர் குக்கரில் 'பர்ன்' என்று எழுத்து ஓடுவதும் இதே விஷயம்தான்: அடியில் ஒட்டிய மசாலா, போதாத தண்ணீர். நிறுத்தி, ஆவியை விட்டு, அடியைத் தேய்த்து, கொஞ்சம் வெந்நீர் ஊற்றி மறுபடி ஓட்டுங்கள்.

கோழி சக்கையாகிவிட்டது, அல்லது வேகவே இல்லை

சக்கை என்றால் நெஞ்சுக்கறி அதிகம். கொழுப்பில்லாத நெஞ்சுத் துண்டு அரைமணி நேரம் சூட்டில் இருந்தால் நாராகத்தான் வரும். தொடையும் காலும் அந்தச் சூட்டைத் தாங்கும், அதிலுள்ள சவ்வு கரைந்து இன்னும் மெதுவாகும். ஒரே பாத்திரம் என்றால் கடைக்காரரிடம் தொடை, கால் கூடுதலாகப் போடச் சொல்லி, பெரிய துண்டாக வெட்டி வாங்குவதே புத்திசாலித்தனம். நெஞ்சுக்கறி இருந்தால் அதைத் தனியாக எடுத்துவைத்து, அரிசி போடும்போது உள்ளே செருகுங்கள். ஏற்கெனவே சக்கையாகிவிட்டதென்றால் அந்தத் துண்டுகளை மட்டும் பொறுக்கி நாராகப் பிய்த்து, நெய்யும் மசாலாச் சாறும் விட்டுப் பிரட்டி மேலே தூவிவிடுங்கள். பிய்த்துப் போட்டதுதான் செய்முறை என்று குழந்தைகள் நினைத்துக்கொள்வார்கள்.

துண்டு மாவாக உதிர்ந்தால் அது வேறு கோளாறு. பப்பாளிக்காயோ எலுமிச்சையோ போட்டு ராத்திரி முழுக்க ஊறவிட்டிருப்பீர்கள். பிராய்லருக்குத் தயிரும் மஞ்சளும் உப்பும் ஒரு மணி நேரம் போதும்.

வேகவில்லை என்றால் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு, அதாவது குளிரோடு, பாத்திரத்தில் போட்டீர்களா? குளிர்நாளில் அரைமணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். ஃப்ரீசரில் இருந்ததென்றால் முதல் நாள் ராத்திரியே கீழ்த் தட்டுக்கு மாற்ற வேண்டும். உறைந்த துண்டைச் சூடான மசாலாவில் போட்டால் வெளியே வெந்து உள்ளே ஐஸாக நிற்கும். இரண்டாவது, நாட்டுக்கோழியா? நாட்டுக்கோழியையும் அரிசியையும் ஒரே நேரத்தில் மூடிவைத்து ஜெயித்தவர்கள் இல்லை. அதை முதலில் குக்கரில் உப்பு, மஞ்சள், சின்ன வெங்காயத்தோடு நான்கைந்து விசில் விட்டு, வெந்த சாற்றை அளந்து அதிலேயே அரிசியைப் போடுங்கள்.

எலும்பருகே சிவப்பாகத் தெரிகிறது

சாப்பாட்டு மேசையில் கலவரம் உண்டாக்கும் அறிகுறி இது. பிராய்லர் கோழி ஆறு வாரம் போல வளர்ந்த குஞ்சு. அதன் எலும்பு முழுக்க இறுகியிருக்காது; உள்ளிருக்கும் மஜ்ஜையின் நிறம் கசிந்து எலும்பைச் சுற்றி அடர்சிவப்பாகவோ கறுப்பாகவோ படியும். ஃப்ரீசரில் வைத்த கோழியில் இன்னும் அதிகம். நிறத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். சமையல் வெப்பமானி இருந்தால் தொடையின் தடித்த இடத்தில் எலும்பைத் தொடாமல் குத்திப் பாருங்கள், 74 டிகிரி செல்சியஸ் காட்டினால் வெந்தது. வெப்பமானி இல்லையென்றால், அந்த இடத்தைக் கீறிப் பாருங்கள். கறி கண்ணாடிபோல வழவழப்பாக இருந்தாலோ, எலும்பை விட்டு வர மறுத்தாலோ, சாறு ரத்தமாக வந்தாலோ வேகவில்லை. சந்தேகமிருக்கும் துண்டுகளைப் பொறுக்கி, சின்ன வாணலியில் அரை டம்ளர் தண்ணீரோடு மூடி எட்டு நிமிடம் வேகவைத்துத் திரும்பச் சேருங்கள். நாலு துண்டுக்காக மொத்தப் பாத்திரத்தையும் அடுப்பேற்றிச் சோற்றைக் குழையவிட வேண்டாம்.

பூண்டு பச்சையாகிவிட்டது, தயிர் திரிந்துவிட்டது

பூண்டு விழுது நீலப்பச்சையாக மாறினால் பதறாதீர்கள். குளிரில் இருந்த பூண்டு புளிப்போடு சேரும்போது அதன் கந்தகச் சத்து இப்படி நிறம் காட்டும். கெட்டுப்போகவில்லை, தாராளமாகப் போடலாம்.

தயிர் திரிதிரியாக நிற்பது, ஃப்ரிட்ஜ் தயிரைக் கொதிக்கும் மசாலாவில் கொட்டியதால். இப்போது செய்ய ஒன்றுமில்லை, ருசிக்குக் குறைவும் இல்லை. சோற்றோடு சேர்ந்ததும் தெரியாது. அடுத்த முறை தயிரைக் கடைந்து, தீயைக் குறைத்து, ஒவ்வொரு கரண்டியாக விடுங்கள். குளிர்நாளில் தயிர் உறைவதே பெரும்பாடு, உறைந்தாலும் புளிப்பு ஏறியிருக்காது. அப்போது இறக்கும்போது அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் சரியாகும். நாட்டுத் தக்காளி போட்டிருந்தால் எலுமிச்சையே வேண்டாம்.

கசக்கிறது, பச்சை வாசனை அடிக்கிறது, உப்புக் கரிக்கிறது

கசப்புக்கு மிளகாய்த்தூள் கருகியதோ, கிராம்பும் அன்னாசிப்பூவும் கூடியதோ காரணம். மிளகாய்த்தூளைக் காய்ந்த எண்ணெயில் நேரே போடாமல், தக்காளி வதங்கி ஈரம் வந்தபின் போடுங்கள். அரை கிலோ அரிசிக்கு நான்கு கிராம்பு தாராளம். நிறம் பத்தவில்லை என்று தூளை அள்ளிப் போடுவதைவிட, ஆம்பூர்க்காரர்கள் செய்வதுபோல வரமிளகாயை ஊறவைத்து அரைத்துப் போட்டால் சிவப்பும் வரும், கருகவும் கருகாது.

பச்சை வாசனை என்றால் இஞ்சி பூண்டு வதங்கவில்லை. சோறு வெந்தபின் இதைச் சரிசெய்ய முடியாது, நெய்யும் புதினாவும் கொஞ்சம் மறைக்கும், அவ்வளவுதான். விழுது போட்டதும் எண்ணெய் பிரியும்வரை நில்லுங்கள். வெங்காயம் வதங்க நேரமாகிறது என்றால் அதில் ஈரம் அதிகம். மெல்லியதாக நறுக்கி, உப்புப் போடாமல் வதக்குங்கள்.

உப்புக்கு உருளைக்கிழங்கு வைத்தியம் நம்ப வேண்டாம். உப்பில்லாமல் ஒரு டம்ளர் சோறு தனியாக வடித்துக் கலப்பதுதான் வழி. அரிசி போடுமுன் கொதிக்கும் தண்ணீரை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கும்போது, குழம்புக்கு இருப்பதைவிடக் கொஞ்சம் கரிக்க வேண்டும். அரிசி இழுத்ததும் சரியாகிவிடும்.

குக்கரில் விசில் வரவில்லை

மூடியின் ஓரத்தில் ஆவி கசிகிறதா பாருங்கள். குளிரில் ரப்பர் வளையம் விறைத்துப் பொருந்தாமல் நிற்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டெடுத்து மாட்டுங்கள். வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள். கசிவில்லாமலும் விசில் இல்லையென்றால் ஆவி வரும் துளையில் பருக்கை அடைத்திருக்கலாம். அடுப்பை அணைத்து, ஆவி தானாக அடங்கியபின்தான் மூடியைத் தொட வேண்டும். அரிசி போடும் குக்கரைப் பாதிக்குமேல் நிரப்பவே கூடாது. எல்லாம் சரியாக இருந்தால் ஒரு விசில், பிறகு சிறுதீயில் ஐந்து நிமிடம், அணைத்துவிட்டு ஆவி அடங்கும்வரை காத்திருப்பு. வெயிட்டைத் தூக்கி ஆவியை விரட்டினால் தம் போச்சு.

தீயே சிறுத்துவிட்டது

மலைப் பகுதிகளில் ஜனவரி ராத்திரியில் சிலிண்டர் பாதிக்குக் கீழே இருக்கும்போது நடப்பது. உள்ளே திரவமாக இருக்கும் வாயு குளிரில் போதிய வேகத்தில் ஆவியாவதில்லை. சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்று மாற்றிவிடாதீர்கள். வெந்நீர் ஊற்றுவது, அடுப்புப் பக்கம் நகர்த்துவது இரண்டும் ஆபத்து, கூடவே கூடாது. இரண்டு பர்னரை ஒரே நேரத்தில் எரிக்காமல் ஒன்றை மட்டும் எரியுங்கள். தோசைக்கல்லை முதலில் சூடாக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டில் போட்டதும் விறைத்துவிடுகிறது, மிச்சமும் கல்லாகிறது

ஆறும்போது சோற்றின் மாவுச்சத்து இறுகுவது இயல்பு, குளிரில் சீக்கிரம் இறுகும். நெய்யும் உறைந்து நாக்கில் மெழுகுபோல ஒட்டும். நெய்யைப் பாதியாக்கி மீதியைக் கடலெண்ணெயில் செய்தால் இந்தத் தொல்லை குறையும். தட்டுகளை வெந்நீரில் அலசித் துடைத்துப் பரிமாறுங்கள். பாத்திரத்தை மேசைக்குக் கொண்டுவராமல் கல் மேலேயே மூடி வைத்திருங்கள்.

மிச்சத்தை "குளிர்தானே" என்று அடுப்பு மேலேயே ராத்திரி விட்டுவிடுவதுதான் இந்தச் சமையலில் உண்மையான ஆபத்து. சென்னை மார்கழி ராத்திரி 20 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கும். அது ஃப்ரிட்ஜ் ஆகாது. அரிசியில் உள்ள பாசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகும்போதும் சாவதில்லை. சோறு நீண்டநேரம் வெளியே கிடந்தால் அவை முளைத்து நஞ்சு விடும், காலையில் சுடவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. சாப்பிட்டு முடித்ததும் ஆழமில்லாத பாத்திரத்தில் பரப்பி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிடுங்கள். மறுநாள் தேவையானதை மட்டும் எடுத்து, மேலே ஒரு கை தண்ணீர் தெளித்து, இட்லிப் பானையில் துணி விரித்துப் பத்து நிமிடம் ஆவி காட்டுங்கள். உள்ளே வரை ஆவி பறக்கச் சூடேற வேண்டும். ஒருமுறை சுடவைத்ததைத் திரும்ப ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம்.